எங்கள் பழைய மடிக்கணினியின் பிணி

நாள்தோறும் ஒரே வேளையில் வந்துபோகும் காய்ச்சல் மருத்துவனை அத்துணை மருட்டுவதில்லை. இன்ன நாள், இன்ன பொழுது என்று சொல்லவொண்ணாதபடி வந்து, அவன் கைபிடித்துப் பார்க்கும் வேளையில் மறைந்துபோவதே அவனுக்குப் பெரும் இடர். இயந்திரங்களின் பிணியும் இத்தன்மைத்தே. அறவே ஓடாத இயந்திரத்தைப் பழுது பார்த்தல் எளிது. நன்றாக ஓடிக்கொண்டேயிருந்து, நினையாத நேரத்தில் நின்றுவிடும் இயந்திரத்தைப் பழுது பார்ப்பதே அரிது. எங்கள் வீட்டு மடிக்கணினி 2025-ஆம் ஆண்டுக் கோடையிலே தொடங்கி ஏறக்குறைய ஆறு திங்கள் இவ்வகை நோயினால் வருந்திற்று. அதன் நோயை நாடிச் சென்ற வழியை இம்மலரின் வாசகர்க்கு எடுத்துரைப்பது பயனுடைத்தாமென்று நம்புகின்றேன். பழங்கணினி உடைய வீடுகள் நம் ஊர்களிற் பல.

இப்பிணிக்கு எங்கள் அம்பத்தூர்ப் பக்கத்தில் வழங்கும் பெயர் ‘ஹேங்’ என்பது. ‘சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது’ என்று சிறுவரும் கூறுவர். நூல் எழுதுவோர் ‘உறைதல்’ என்பர். உறைதலென்னுஞ் சொல்லுக்குத் தங்குதல் என்றும், பால் முதலியன இறுகுதல் என்றும் இருபொருள் உண்டு. இரண்டும் இங்குப் பொருந்தி வருகின்றன. திரையிற் கண்ட எழுத்துக்கள் அழியாமல் அங்கேயே தங்கிவிடும்; சுட்டி அசையாது; விசைப்பலகை செவிகொடாது; மூலையிலுள்ள கடிகாரம் மாலை 6-40 என்று காட்டினால் இரவு எட்டு மணிக்கும் 6-40 என்றே காட்டும். பால் உறைந்தால் தயிராவது மிஞ்சும். கணினி உறைந்தாலோ அதுவரை சேமியாத பக்கமும் போய்விடும்.

எங்கள் குடும்பத்தார் லினக்ஸை முதலிற் கண்டது 2012-ஆம் ஆண்டில். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பட்டாபிராமிலிருந்த என் பெரியப்பா மகளார் ஒன்று பெற்றார். அதனுள் விண்டோஸ் ஒருபாலும், சி-டாக் நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் ஒருபாலும் இருந்தன. ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லைனஸ் டார்வால்ட்ஸ் என்பார் தமது இருபத்தோராம் வயதில், 1991-இல், தொடங்கிய லினக்ஸ் கருவே அதற்கும் அடிப்படை என்பதனைப் பின்னர்த்தான் அறிந்தேன். அன்று எங்களுக்கு அஃதோர் ஆமை விளையாட்டும் தமிழ் எழுத்தும் உள்ள பெட்டி, அவ்வளவே.

இப்பொழுது நான் கூறவந்த கணினி வேறு. என் அக்காள் 2015-இல் செவிலியர் கல்வியிற் சேர்ந்தபோது என் தந்தையார் தவணை முறையில் வாங்கித் தந்தது அது. நினைவகம் 2 ஜி.பி.; சுழலும் ஹார்ட் டிஸ்க்; குறைந்த மின்செலவுக்கென்று செய்யப்பட்ட சிறு செயலி. அக்காள் படிப்பை முடித்து, பணியிற் சேர்ந்து, அதனை எனக்கு விட்டார். பத்தாண்டு உழைத்த அப்பெட்டி விண்டோஸைச் சுமக்கமாட்டாது தள்ளாடிற்று. விண்டோஸ் 10-க்கு நிறுவனத்தார் தரும் பாதுகாப்புத் திருத்தங்களும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவதாயிருந்தன. ஆதலின் பிப்ரவரித் திங்களில், கணிதம் பயிலும் நண்பர் ஒருவர் துணையால் அதில் டெபியன் லினக்ஸை ஏற்றினேன். பெட்டி இளமை பெற்றாற்போல விரைந்தது. ஓரிரு கிழமைக்குள் உறையவுந் தொடங்கிற்று.

ஆவடியிற் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் ஒருமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார், அஃது உறையவில்லை. பிறகு, ‘போர்டு போயிருக்கும், வேறு வாங்கிக்கொள்வதே மேல்’ என்றார். இச்சொல் வீட்டிற்கு எட்டியதும் என் தந்தையார் சீட்டைத் தள்ளி எடுத்துவிடலாமென்று கணக்குப் போடத் தொடங்கினார். அச்சீட்டு அக்காளின் திருமணத்திற்கென்று மூன்றாண்டாகக் கட்டிவருவது. முடிவு வரை பொறுத்தெடுத்தாற் கிடைக்கும் தொகைக்கும், இடையிலே தள்ளி எடுத்தாற் கைக்கு வருவதற்கும் உள்ள வேற்றுமையை அறியாதார் எங்கள் தெருவில் இல்லை. அக்காளோ, ‘எடுங்கள் அப்பா, படிப்பு முக்கியம்’ என்றார். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஒரு திங்கள் தவணை தருமாறு தந்தையாரை வேண்டிக்கொண்டேன்.

என் தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் லேத் ஓட்டுபவர். 1964-இல் அமைந்த அப்பேட்டையில் இத்தகைய பட்டறைகள் தெருவுக்குத் தெரு உள்ளன. கணினியின் உள்ளமைப்பை அவர் கற்றவரல்லர். எனினும் பழுது என்பதனை முப்பதாண்டாகக் கையாற் பழகியவர். அவர் எனக்குச் சொன்னவை இரண்டே: ‘நிற்கும்போதெல்லாம் குறித்து வை. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்று.’

ஆகவே ஏப்ரல் முதல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். நாள், நேரம், அப்பொழுது செய்துகொண்டிருந்த வேலை, மின்னிணைப்பு இருந்ததா இல்லையா, உறைந்தபின் கண்ட குறிகள் ஆகியவற்றை எழுதிவந்தேன். குறிகள் என்றேன். உறைந்த கணினிகள் யாவும் ஒரே தன்மையன என்று எண்ணுவோர் பலர். உற்று நோக்கினால் அவ்வாறன்று. கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணையுமாயின் கரு இன்னும் உயிரோடிருக்கின்றது, திரைதான் நின்றது. பாட்டு ஓடிக்கொண்டிருந்து, படம் மட்டும் நின்றதாயின் அதுவும் அவ்வாறே. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 என்னும் மூன்றையும் ஒருங்கே அழுத்தினால், சில வேளை எழுத்துத்திரை ஒன்று தோன்றி, அங்கிருந்து பணியைத் தொடரவுங் கூடும். ஹார்ட் டிஸ்க்கின் விளக்கு விடாது எரியுமாயின் அது வேறு நோய். அதனைப் பின்னே கூறுகின்றேன். விளக்குகள் யாவும் வாளாவிருக்க, ஒலிபெருக்கியிலிருந்து ஒரே அசை ‘ட-ட-ட-ட’ என்று திரும்பத் திரும்ப வருமாயின், செயலி முழுவதும் நின்றுபோயிற்று என்று கொள்ளலாம். தன்னிடம் கடைசியாக வந்த ஒலித்துண்டையே ஒலிக்கருவி மீண்டும் மீண்டும் இசைப்பதனால் வருவது அவ்வோசை. இரவில் தனியே கேட்பார்க்கு அது சிறிது அச்சந் தரும்.

இன்னுமொரு சோதனையும் உண்டு. ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு ஆர், ஈ, ஐ, எஸ், யூ, பி என்னும் எழுத்துக்களை இடைவெளிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாய் அழுத்துவது. லினக்ஸ் கரு சிறிதேனும் விழித்திருப்பின், விசைப்பலகையை மீட்டு, நிரல்களை முடித்து, எழுதவேண்டியவற்றைத் தட்டில் எழுதி, தட்டை மூடி, தன்னை மறுபடி தொடங்கிக்கொள்ளும். பாதுகாப்புக் கருதிப் பல வெளியீடுகளில் இவ்வாறனுள் சில அடைத்து வைக்கப்பட்டிருக்கும்; முன்னரே திறந்து வைத்துக்கொள்ளவேண்டும். இதற்குஞ் செவிசாயாத கணினிக்கு மின்விசையை அழுத்திப் பிடித்து அணைப்பதன்றி வேறு வழியில்லை.

முப்பது நாளில் என் புத்தகத்தில் 16 குறிப்புக்கள் சேர்ந்தன. அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தபொழுதுதான் ஓருடலில் இரு நோய் இருப்பது தெரிந்தது. ஆறு தடவை தட்டின் விளக்கு ஓயாது எரிந்தது, பத்து தடவை எவ்விளக்கும் எரியவில்லை, எவ்விசைக்கும் மறுமொழியில்லை. இவ்விரண்டையும் ஒன்றென்று கொண்டிருப்பின், ஒன்றற்குத் தரும் மருந்து மற்றதைத் தீர்க்காமை கண்டு மருந்தையே பழித்திருப்பேம்.

முதல் நோயின் காரணம் விளங்குதற்கு எளிது. 2 ஜி.பி. நினைவகம் இக்காலத்து இணைய உலாவிக்குப் போதாது. நினைவகம் நிரம்பும்பொழுது கரு என் செய்கின்றதெனின், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பகுதிகளையே நினைவிலிருந்து தள்ளிவிடும். தட்டிலிருந்து மீண்டும் படித்துக்கொள்ளலாமன்றோ என்பது அதன் எண்ணம். அடுத்த நொடியிலேயே அப்பகுதி வேண்டியதாகும், படிக்கும். அதற்கு இடஞ்செய்ய வேறொன்றைத் தள்ளும். பின்னர் அதுவும் வேண்டியதாகும். சிறு குடிசையில் பத்துப்பேர் படுக்க இடமின்றி ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டே விடியவிடியக் கழிப்பது போல்வது இது. உண்மையில் கணினி நிற்கவில்லை, ஓயாது உழைக்கின்றது, ஆயினும் யாதொரு பணியும் நடவாது. மிகுதியாய் உண்ணும் நிரலொன்றைக் கொன்று மற்றவற்றைக் காப்பாற்றும் ஏற்பாடு கருவில் உண்டு. ஆனால் அது கடைசி மட்டும் பொறுத்துத்தான் வாளை எடுக்கும். இக்குறையைப் பற்றி 2019 ஆகஸ்டில் கருவை ஆக்குவோரின் அஞ்சற்குழுவில் பெரிய வாதம் நிகழ்ந்தது. ஃபெடோரா என்னும் வெளியீட்டார் 2020-இல், நினைவகம் தீரும் முன்னரே நிரலை முடிக்கும் ‘எர்லி-ஊம்’ என்னுங் காவலனைத் தம் மேசைப் பதிப்பில் இயல்பாகவே சேர்த்தனர். அதே காவலனை நானும் நியமித்தேன். அதன் விளைவைச் சில நாள் பார்த்தபின், நினைவகத்தின் ஒரு பகுதியிலே பழம்பக்கங்களைச் சுருக்கி அடுக்கிவைக்கும் ‘ஸி-ராம்’ என்பதனையும் அமைத்தேன். செலவு யாதுமில்லை. தட்டின் விளக்கு விடாது எரிதல் அன்றோடு ஒழிந்தது.

நிற்க. இரண்டாவது நோயே கொடிது. அது சான்று வைப்பதில்லை. லினக்ஸ் தன் நிகழ்ச்சிகளையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதிவரும் இயல்பினது. முந்தைய ஓட்டத்தின் பதிவைக் கேட்டாற் காட்டும். எங்கள் கணினியின் பதிவோ ஒவ்வொரு முறையும் ஏதோ சிறு செய்தியோடு அறுந்து நின்றது; அடுத்த வரி மறுநாள் தொடங்கிய செய்தி. பதிவேட்டை எழுதும் ஏவலன், சாதாரணச் செய்திகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் தட்டிற்கு உறுதியாக அனுப்புகின்றான் என்று படித்தேன். எனவே கடைசிச் சொற்கள் எழுதப்பட்டும் நமக்கு எட்டாமற் போகலாம். உ.வே. சாமிநாதையர் அவர்கள் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த காலத்தில் முறிந்த ஏடுகளோடு பட்ட பாட்டை வகுப்பிற் கேட்டிருக்கின்றோம். ஏடு முறிவது பெரும்பாலும் ஓரத்திலேதான். எங்கள் ஏட்டிலும் வேண்டிய எழுத்து ஓரத்திலேயே இருந்தது!

ஆகவே சிறு நிரலொன்று எழுதினேன். அது நிமிடந்தோறும் செயலியின் வெப்பம், எஞ்சிய நினைவகம், வேலையின் சுமை ஆகிய மூன்றையும் ஒரு வரியாக எழுதி, உடனே தட்டிற்கு அனுப்பிவிடும். இறக்கும் நொடிக்கு ஒரு நிமிடம் முன்வரையேனும் சான்று கிட்டுமன்றோ?

அது சான்று திரட்டும் நாட்களில் ஐயத்திற்குரியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன். இங்கே என் நண்பர் சொல்லித்தந்த கணக்கு ஒன்று மிகவும் பயன்பட்டது. முப்பது நாளிற் பத்துத் தடவை என்றால் சராசரி மூன்று நாளைக்கு ஒன்று. ஒரு மாற்றத்தைச் செய்து, மூன்று நாள் உறையாதிருக்கக் கண்டால் நோய் தீர்ந்ததென்று நெஞ்சு துள்ளும். ஆனால் நோய் சிறிதும் தீராத நிலையிலும், தற்செயலாகவே மூன்று நாள் அமைதியாய்க் கழிவதற்கு நூற்றுக்கு 37 பங்கு வாய்ப்புண்டு. ஒன்பது நாள் கழிவதற்கு நூற்றுக்கு ஐந்து. பதினைந்து நாளாயின் நூற்றுக்கு ஒன்றுக்குங் குறைவு. ஆதலின் ஒவ்வொரு மாற்றத்திற்கும் பதினைந்து நாள் தருவதென்று வரையறுத்தோம். இதிலே ஒரு விந்தையுண்டு. ஒன்றைக் குற்றமற்றதென்று விடுவிக்க ஒரே ஓர் உறைதல் போதும். அதனையே குற்றவாளியென்று துணிய அரைத் திங்கள் காத்திருக்கவேண்டும். கடைக்காரர் ஒருமணி நேரத்தில் தீர்ப்பளித்ததை நினைத்து நாங்கள் இருவரும் நகைத்தோம். அவருக்கோ நாளொன்றுக்குப் பத்துப் பெட்டி. அரைத் திங்கள் யார் கூலி தருவார்?

வெப்பத்தையே முதலில் ஐயுற்றேன். மே மாதத்தில் எங்கள் கல்நார்க் கூரையின்கீழ் எதனைத்தான் ஐயுறாதிருப்பது? பெட்டியைத் திறந்து ஃபேனில் அடைந்திருந்த தூசியை அகற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றினோம். ஓசை குறைந்தது. நான்காம் நாள் உறைந்தது. நினைவகத்தை ‘மெம்டெஸ்ட்’ என்னும் நிரலால் ஓரிரவு முழுவதும் சோதித்ததிற் பிழையொன்றும் இல்லை. ஹார்ட் டிஸ்க் தன் நலத்தைத் தானே கூறும் கணக்கும் பழுதின்றியிருந்தது. திரையின் ஒப்பனைகளை நிறுத்தியும் இரண்டாம் நாளே உறைந்தது. ஜூலை பிறந்துவிட்டது. தந்தையாரிடம் கேட்ட தவணை ஒன்றுக்கு மூன்றாயிற்று. சீட்டு நடத்துபவரிடம் அவர் ஒருமுறை பேசியும் வந்துவிட்டார்.

அன்று இரவு உணவின்பின் அவர் என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ‘இது வேலை செய்யும்போது நிற்கிறதா, சும்மா இருக்கும்போது நிற்கிறதா?’ என்று கேட்டார். லேத்தில் சில பேரிங்குகள் முழுவேகத்தில் ஓசையின்றி ஓடி, விசையை நிறுத்தியபின் வேகம் தணியும்பொழுதே முனகுமாம்.

நிமிட நிரலின் வரிகளைத் திறந்து பார்த்தோம். ஒவ்வோர் இறுதி வரியிலும் வெப்பம் ஐம்பதை ஒட்டியே. நினைவகம் வேண்டிய மட்டும். சுமையோ ஏறக்குறையச் சுன்னம். நான் தட்டெழுதும்போது ஒருநாளும் அஃது உறைந்ததில்லை. வேதநாயகம் பிள்ளையவர்களின் உரைநடையைப் பற்றிய என் ஆய்வுரைக்காகப் பழம்பதிப்புக்களின் ஒளிப்படிவங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தையே நெடுநேரம் படிக்கும் வேளைகளிலே உறைந்தது. கணினி எனக்காக யாதுஞ் செய்யாது காத்திருக்கும் வேளைகள் அவை.

செயலிக்கு வேலையில்லாதபொழுது அது துயில்கின்றது. துயிலிற் படிகள் உண்டு: முதற்படி கண்ணயர்தல் போன்றது, ஆழ்ந்த படியில் தன் நிலையைக் குறித்துவைத்துவிட்டு, உட்கருவின் மின்னோட்டத்தையே அறுத்துக்கொள்ளும். நொடிக்குப் பல தடவை இவ்வாறு துயின்று எழுவதனால்தான் மடிக்கணினியின் பேட்டரி நீடிக்கின்றது. எங்கள் பெட்டியிலுள்ளதை ஒத்த செயலி வகையொன்று ஆழ்துயிலுக்குச் சென்றால் மீளாது நின்றுவிடுகின்றதென்னும் முறையீடு, லினக்ஸ் கருவின் பிழைப்பேரேட்டில் 2015 டிசம்பரில் 109051 என்னும் எண்ணோடு பதிவாகியிருக்கின்றது. ஆண்டுக்கணக்காக நாடுபலவற்றிலிருந்தும் மக்கள் அதன்கீழ்த் தங்கள் துன்பத்தை எழுதியிருக்கின்றனர். பின்வந்த பதிப்புக்களில் திருத்தங்கள் சேர்ந்தன. எல்லார்க்கும் அவை போதவில்லை. தொடங்கும்பொழுதே கருவிற்கு ஒரு கட்டளை கொடுத்து, முதற்படிக்குமேல் ஆழ்ந்து துயிலாதபடி தடுக்கலாமென்பதே அங்குப் பலரும் கண்ட கைம்மருந்து.

ஆகஸ்ட் முதல் நாள் அவ்வொரு வரியை எழுதினேன், வேறொன்றையும் தொடவில்லை. மூன்று நாள், ஆறு நாள், ஒன்பது நாள் கழிந்தன. பதினைந்தாம் நாள் மாலை வீட்டார் அனைவரும் மகிழ்ந்தனர். ஆனால் என் தந்தையார், ‘எடுத்துவிட்டுப் பார், திரும்ப வந்தால்தான் அது’ என்றார். கேட்க எனக்கு மனமில்லை. ஆய்வுரையின் முதல் வரைவு அடுத்த கிழமை தரவேண்டியிருந்தது. ஆயினும் எழுதியவற்றையெல்லாம் பென்டிரைவிற் படியெடுத்து வைத்துக்கொண்டு, அவ்வரியை நீக்கினேன். இரண்டாம் நாள் இரவு, பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கையில் சுட்டி நின்றது. கேப்ஸ் லாக் எரியவில்லை. ‘அப்பா, நின்றுவிட்டது!’ என்று நான் மகிழ்ச்சியாற் கூவியதை அடுத்த வீட்டார் என்னவென்று கொண்டனரோ அறியேன்.

வரியை மீண்டும் சேர்த்தேன். அன்று தொட்டு இதனை எழுதும் டிசம்பர் வரையில் அஃது ஒருமுறையும் உறையவில்லை. விலை ஒன்றுண்டு. முன்னே ஒன்றே முக்கால் மணி நின்ற பேட்டரி இப்பொழுது ஒன்றேகால் மணிதான் நிற்கின்றது. பெட்டியின் அடிப்புறமும் சற்றே சூடாயிருக்கும். ஆவடியிலிருந்து வரும் மின்தொடர்வண்டியில் அதனைத் திறந்து வைத்துத் தட்டெழுதுவதை விட்டுவிட்டேன். மூன்றாம் அதிகாரம் வீட்டிலேயே முடிந்தது. சீட்டில் இன்னும் எட்டுத் தவணை இருக்கின்றன.